நித்தீஷுக்கு ஆடிட்

சித்ராதேவி தன் மகனுக்குப் பிரச்சினைகளைத் தீர்க்கக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினாள். அந்த வீட்டில் பிரச்சினைகள் வந்து குடியேறியது அதற்குப் பிறகுதான். இதை நான் சொல்லவில்லை, நல்லூரில் எங்கள் தெருவே சொல்கிறது. நான் சொல்லித்தான் தெரு சொல்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே செங்கோட்டையனின் பனியன் கம்பெனி. கீழே தையல் மிஷின்கள், மேலே குடியிருப்பு. எங்கள் ஜன்னல் அவர்களுடைய படிக்கட்டைப் பார்த்து அமைந்தது கொத்தனார் செய்த காரியம். ஜன்னல் ஒன்று இருந்துவிட்டால் கண் போகத்தான் செய்யும்.

செங்கோட்டையனுக்கும் சித்ராதேவிக்கும் ஒரே பிள்ளை, நித்தீஷ். ஐந்து வயது முடிந்திருந்தது. இட்லி என்பது தானாக வாய்க்குள் வரும் பண்டம் என்றுதான் அவன் அதுவரை நம்பிக்கொண்டிருந்தான். படிக்கட்டில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பான். நேரம் வந்ததும் வாயைத் திறப்பான். இட்லி உள்ளே போகும். அவன் ‘அம்’ என்று தொடங்கினால் ‘மா’வைச் சித்ராதேவியே போட்டுக்கொண்டு ஓடி வருவாள். பாசம்தான், குற்றம் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பல்லடம் சாலையில் அந்தப் பெரிய பள்ளிக்கூடம் வந்தது. சுவரைவிடக் கண்ணாடி அதிகமாக உள்ள கட்டடம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஏபிசிடி கேட்க மாட்டார்களாம், நூறு வரை எண்ணச் சொல்ல மாட்டார்களாம். ஒரு சிக்கலை முன்னால் வைத்து, பிள்ளை அதைத் தானாக யோசித்து அவிழ்க்கிறதா என்று பார்ப்பார்களாம். கேட்டதும் எங்கள் தெருவில் பலர் சிரித்தோம். சித்ராதேவி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த சீட் வேண்டியிருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

காரணம் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் செங்கோட்டையனின் அண்ணன். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அதனால் தம்பி வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். அவருடைய பெண்கள் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய வீடு வெறிச்சென்று கிடக்கிறது. போன நோம்பிப் பண்டிகைக்கு எல்லோரும் கூடியபோது, மிஷின் சத்தத்தில் பிள்ளை எப்படிப் படிக்கும், நித்தீஷைக் காங்கேயத்துக்கு அனுப்பிவிடு, நாங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். தம்பி இலையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

சித்ராதேவி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் செங்கோட்டையன் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். பல்லடம் சாலைப் பள்ளிக்கூடத்தில் முயன்று பார்க்கிறோம் என்று அண்ணனிடம் சொன்னார். எக்ஸ்போர்ட்காரர் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால் அவரும் மறுக்கவில்லை. அங்கே சீட் கிடைத்தால் பையன் நல்லூரில் இருக்கட்டும், கிடைக்காவிட்டால் ஜூனில் கொண்டுவந்து விடு என்று முடித்துவிட்டார். கிடைக்காவிட்டால் அவள் பிள்ளை அவள் வீட்டுக்கே ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகத்தான் வருவான். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது இதை என்னிடம் சொல்லி அழுதாள். காங்கேயம் பக்கம்தானே, நினைத்த நேரத்துக்கு பஸ் இருக்கிறதே என்று நானும் ஆறுதல் சொன்னேன். ஏனோ அதற்கப்புறம் இன்னும் அதிகமாக அழுதாள்.

பயிற்சி தொடங்கியது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பிள்ளைக்கு முன்னால் சிக்கலை வைத்துவிட்டு, தாய் வாயைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வீட்டில் சிக்கல் ஏதும் இல்லாததால் அவளே செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் பிஸ்கட் டப்பாவை அலமாரியின் உச்சியில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலையும் போட்டாள். நித்தீஷ் டப்பாவைப் பார்த்தான், ஸ்டூலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தாள். பையன் கீழே இறங்கிப் போனான். திரும்பி வரும்போது அயர்ன் டேபிளில் வேலை செய்யும் உயரமான பீகார்ப் பையன் ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தான். டப்பா இறங்கியது.

அடுத்து, பொம்மைகள் இருந்த பையின் வாயை அவிழ்க்க முடியாதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பை நேராகச் செக்கிங் டேபிளுக்குப் போனது. அங்கே வேலை செய்யும் வேல்விழி நூல் பிசிறு வெட்டும் கத்தரியால் அதை ஒரு நொடியில் அறுத்துக் கொடுத்தாள். கோவையிலிருந்து வரவழைத்த மரத்துண்டுப் படப்புதிர் டீ நேரத்தில் தையல்காரர்களுக்கு நடுவே சுற்றுக்குப் போய் முழுப் படமாகத் திரும்பி வந்தது. யானையின் தும்பிக்கையை யார் பொருத்துவது என்று கீழே சண்டை என்றும் கேள்விப்பட்டேன்.

சித்ராதேவி இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது செங்கோட்டையன் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு உள்ளூரப் பெருமை. நிட்டிங்கை ஒருவரிடம் கொடுக்கிறோம், சாயத்தை ஒருவரிடம், பிரிண்டிங்கை ஒருவரிடம். எனக்கு என்ன தைக்கவா தெரியும், கம்பெனி நடக்கவில்லையா என்று கேட்டார். அவருக்குத் தைக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும் என்றாலும், அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

கவலைப்படாதே, பையனைப் பாண்டித்துரையிடம் விடு என்றார்.

பாண்டித்துரை கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அந்தக் கம்பெனியில் ஆடிட் வேலை முழுக்க அவர் தலையில்தான். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், அது எப்படிப்பட்ட இடத்தில் தைக்கப்படுகிறது என்று பார்த்துவர அவ்வப்போது ஆள் அனுப்புவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டோடு வந்து, தொழிலாளர்களைத் தனியே கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். ஆடிட் வரும் மாதத்தில் தீயணைப்பு வாளிகளுக்குப் புதுச் சிவப்பும், கழிப்பறைக்குச் சோப்பும், தொழிலாளர்களுக்குப் பதில்களும் கிடைக்கும். பாண்டித்துரை தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கையைப் பின்னால் கட்டச் சொல்லி, பாடம் நடத்துவார். அவர் தயார் செய்த ஆள் இதுவரை உளறியதில்லை. ஒருமுறை ஆடிட்டர் இந்தியில் கேட்டும் ஒடியாப் பெண் ஒருத்தி மனப்பாடம் செய்த தமிழிலேயே பதில் சொல்ல, உள்ளூர் மொழியை எவ்வளவு அழகாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்களாம்.

“பள்ளிக்கூடமும் ஆடிட்டு மாதிரிதான் மொதலாளி. கேள்வி அவங்களுது, பதிலு நம்மளுது. நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் பாண்டித்துரை.

அவர் நாலு வரி தயாரித்தார். அழ மாட்டேன். யோசிப்பேன். வேறு வழி பார்ப்பேன். முடியாவிட்டால் உதவி கேட்பேன். கம்பெனிக்கும் அந்த மாதம் ஆடிட் இருந்தபடியால், தனி வகுப்பு வேண்டாம் என்று பையனையும் அதே வரிசையில் ஓரமாக நிறுத்தினார். காலையில் நான் வாசல் தெளிக்கும் நேரத்துக்கு எதிரே பாராயணம் தொடங்கிவிடும். முதலில் தொழிலாளர்களின் பதில்கள், பிறகு நித்தீஷின் நாலு வரி. கேட்டுக் கேட்டு எனக்கே இரண்டும் மனப்பாடம். எந்தக் கம்பெனி என்னை ஆடிட் செய்தாலும் தேறிவிடுவேன்.

சித்ராதேவிக்கு நம்பிக்கை வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே தரையில் பாலைக் கொட்டிவிட்டு, கண்ணு, பால் கொட்டிப்போச்சு, என்ன பண்ணுவே என்று கேட்டாளாம். நித்தீஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பாலிலேயே நின்று, நாலு வரியையும் பிசகாமல் சொன்னானாம். அவள் ஓடி வந்து அவனை முத்தமிட்டுத் தூக்கிக்கொண்டாள். பாலைத் துடைத்தது அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் நேர்காணலுக்குக் கொடுத்த தேதியும் கம்பெனிக்கு ஆடிட் வந்த தேதியும் ஒன்றாகவே விழுந்தன. செங்கோட்டையனால் நகர முடியாது. கூட வருகிறீர்களா அக்கா என்று சித்ராதேவி கேட்டு முடிப்பதற்குள் நான் சேலையை மாற்றிக்கொண்டு கார் பக்கத்தில் நின்றேன். ஒருத்திக்குத் துணை போவது நல்ல காரியம்.

குளிர்சாதன அறை. பெற்றோர் பின்னால் உட்காரலாம், ஆனால் பேசக்கூடாது, சைகை செய்யக்கூடாது என்றார்கள். நடுவில் உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தரையோடு பொருத்தியிருந்தார்கள். அதன் அடியில் ஒரு மஞ்சள் பந்து. பக்கத்தில் ஒரு ஜக் நிறையத் தண்ணீர். ஓரத்து மேஜையில் முதல்வரம்மா உட்கார்ந்திருந்தார். யாழினி என்ற இளம் டீச்சர் சிரித்தபடி முன்னால் வந்தாள். அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையில் டேப்லெட்.

நித்தீஷ் அட்டையைப் பார்த்தான். டேப்லெட்டைப் பார்த்தான். நிமிர்ந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த நிற்பை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தவள் நான்.

“வா கண்ணா. இதுக்குள்ள ஒரு பந்து இருக்கு பாரு. இதை எப்படி வெளிய எடுக்கலாம்?”

“எட்டு மணி நேரந்தானுங்க வேலை,” என்றான் நித்தீஷ்.

யாழினி குனிந்தாள். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள். என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்டாள்.

“ஓவர்டைம் இஷ்டம் இருந்தாத்தானுங்க. யாரும் திட்ட மாட்டாங்க. பாத்ரூம் எப்ப வேணும்னாலும் போலாமுங்க.”

முதல்வரம்மா தலையைத் தூக்கினார். சித்ராதேவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று யாழினி மெதுவாகக் கேட்டாள். பாவம், பாண்டித்துரை அதற்கும் பதில் தயாரித்து வைத்திருப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

“யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. நாங்களாத்தான் சொல்றமுங்க.”

அவள் பேச்சை மாற்றினாள். பையன் பயந்துவிட்டான் என்று எண்ணி, வீட்டு விஷயம் கேட்டால் சகஜமாகிவிடுவான் என்று நினைத்திருக்க வேண்டும்.

“சரி, உங்க வீட்ல உன்னை மாதிரி வேற குட்டிப் பசங்க இருக்காங்களா?”

“பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இல்லீங்க,” என்றான் அந்த ஐந்து வயதுப் பிள்ளை.

யாழினி டேப்லெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். முதல்வரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கணவருக்குச் சாயப்பட்டறை, அங்கேயும் ஆடிட் வரும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திருப்பூரில் யாருக்குத்தான் தேவைப்படும்?

கேள்விகள் போதும், பிள்ளையைக் குழாயோடு விட்டுவிடுங்கள் என்றார் அவர். நித்தீஷ் குழாயைச் சுற்றி வந்தான். கையை விட்டுப் பார்த்தான், எட்டவில்லை. பிறகு குழாய்க்கு முன்னால் நின்று நாலு வரியையும் அதனிடமே ஒப்பித்தான். அழ மாட்டேன், யோசிப்பேன், வேறு வழி பார்ப்பேன், முடியாவிட்டால் உதவி கேட்பேன். பந்து அசையவில்லை. ஆள் யாராவது கிடைக்குமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தான். யாழினி, முதல்வரம்மா, நான். கடைசியாக அம்மா.

சித்ராதேவியின் கை பாதி எழுந்துவிட்டது. அந்த ஜக்கை நோக்கி ஒரு விரல், ஒரே ஒரு விரல் நீட்டினால் போதும் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. தண்ணீரை ஊற்றினால் பந்து மிதந்து மேலே வந்துவிடும் என்று அதற்குள் எனக்கும் புரிந்திருந்தது. எவ்வளவு நேரத்தில் புரிந்தது என்பது இங்கே தேவையில்லை. அவள் கையை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். காங்கேயத்துப் பெரிய வீடு முழுவதும் அவள் கண்ணில் தெரிந்தது.

நித்தீஷ் ஜக்கைப் பார்த்தான். அவன் அதை இரண்டு கையாலும் தூக்கினான். குடித்தான். நிறையப் பேசியதில் தொண்டை வறண்டிருக்கும் போல. குடிக்க வேண்டியதைக் குடித்து, மீதியைச் சட்டையில் விட்டுக்கொண்டான். பிறகு யாழினியிடம் திரும்பி, இது யாருடைய பந்து என்று கேட்டான். பள்ளிக்கூடத்துப் பந்து என்றாள் அவள்.

“அப்ப இருக்கட்டுமுங்க,” என்று சொல்லிவிட்டு வந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டான்.

முதல்வரம்மா மரியாதையாகத்தான் சொன்னார். இந்த வருடம் முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம். சித்ராதேவி காங்கேயத்துக் கதை முழுவதையும் கொட்டினாள். சீட் இல்லையென்றால் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பையன் மேல தப்பில்லீங்க. அவனுக்குன்னு ஒரு சிக்கல நீங்க யாருமே மிச்சம் வெக்கறதில்லை. அப்புறம், நீங்க சொல்றது உங்க ஊட்டுச் சங்கதிங்க. அதுக்குப் பள்ளிக்கூடத்துல சீட்டுக் குடுத்துத் தீர்க்க முடியாதுங்களே.”

படித்தவர்களின் பேச்சு இப்படித்தான். கேட்கும்போது குளிர்ச்சியாக இருக்கும், கார் நிற்கும் இடம் வரைக்கும்கூட வராது. காரில் அவள் வெளியே வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். நானாவது உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசனை சொன்னேன். செங்கோட்டையனை விட்டு அண்ணனிடம் பேசச் சொல்லலாம். அவர் பேச மாட்டார் என்றால் அண்ணனுடைய சம்பந்தியை விட்டுப் பேசலாம். என் தம்பியின் மாமனாருக்குக் காங்கேயத்தில் அவரைத் தெரியும், அவரைப் பிடிக்கலாம். கோயில் தர்மகர்த்தா சொன்னால் அவர் தட்ட மாட்டார் என்று கேள்வி. நான் அடுத்த ஆளைத் தேடுவதற்குள் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, எல்லாத்துக்கும் ஆளத்தான் கூட்டியாரணுமுங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. நல்லதுக்குத்தானே சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன், அப்படியொன்றும் எனக்கு முடியாத காரியமில்லை.

நல்லூருக்குள் நுழைந்ததும், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியை விடச் சொன்னாள். கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற இடம். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே மைதானத்தில் உருளும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைச் சுளித்தவள்தான். இப்போது பையனை என்னிடம் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கார்க் கண்ணாடியை இறக்கியும் கேட்கவில்லை. பிள்ளையின் அப்பா வரவில்லையா என்று தலைமையாசிரியை கேட்டதும், நான்தான் பெற்றேன், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று இவள் சொன்னதும் பிறகு வேறு வழியில் எனக்கு வந்து சேர்ந்தது.

வீட்டுக்குப் போனபோது கம்பெனியில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆடிட் பிரமாதமாக முடிந்திருந்தது. செங்கோட்டையன் கையில் லட்டோடு படிக்கட்டுக்கு வந்தார். சீட் இல்லை, பையனை இங்கேயே சேர்த்துவிட்டேன் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. அண்ணனிடம் என்ன சொல்வது என்று லட்டைக் கேட்பது போலக் கேட்டார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அண்ணன். ஒலிக்கும் போனைத் தூக்கிப் பிடித்தபடி, பாண்டித்துரை எங்கே என்று கீழே எட்டிப் பார்த்தார்.

சித்ராதேவி போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கல்யாணம் ஆகி வந்த நாளாக அவள் மூத்தாரிடம் நேரடியாகப் போனில் பேசியதில்லை. நான் என் வாசலில் இல்லாத குப்பையைக் கூட்டத் தொடங்கினேன்.

“சொல்லுங்க மாமா. கெடைக்கலீங்க.”

அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இல்லீங்க மாமா. அனுப்பறதில்லீங்க. புள்ள எங்கூடத்தான் இருப்பானுங்க.”

மறுபடி பேச்சு. செங்கோட்டையன் போனுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“அவருக்குத் தெரியாதுங்க மாமா. நாந்தான் சேத்தி உட்டேன். லீவுக்குக் கூட்டியாறனுங்க. ஊட்டுல அக்காளைக் கேட்டதாச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். செங்கோட்டையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லட்டை அவள் கையில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

ஜூனில் நித்தீஷ் பஸ் ஸ்டாப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினான். அங்கே ஊட்டிவிட ஆள் இல்லாததால் அவன் சோறு பாதி வயிற்றிலும் பாதி சட்டையிலுமாக வீடு திரும்புகிறது. காங்கேயத்திலிருந்து போன் வரவில்லை. ஆடி பிறந்ததும் ஒரு டின் தேங்காய் எண்ணெய் மட்டும் வந்தது. கொண்டுவந்த டிரைவர் வாயே திறக்கவில்லை. அண்ணன் கோபத்தில் அனுப்பினாரா, சமாதானத்துக்கு அனுப்பினாரா என்று தெரு இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. சித்ராதேவி அந்த எண்ணெயில் முறுக்குச் சுட்டு எனக்கும் ஒரு தட்டு அனுப்பினாள். சிக்கு வாடை துளியும் இல்லை, புது எண்ணெய். அதனால் சமாதானம் என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.